கொக்கியில் ஒட்டிய கருமணல்

போன மாதம் ஈப்போவில் மகளின் கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போயிருந்தோம். நகைக்கடையில் உனக்கென்ன வேலை என்று கேட்டுவிடாதீர்கள். பையைப் பிடித்துக்கொண்டு ஏர்கோன் குளிரில் உட்கார்ந்திருப்பதும், மனைவி எதைத் தூக்கிக் காட்டினாலும் "நல்லா இருக்கு" என்று சொல்வதும்தான் என் வேலை. அதை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தபோது, பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மா பழைய சங்கிலியை மாற்ற வந்திருந்தார். கடைக்காரர் மேசை இழுப்பறையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு காந்தத்தை எடுத்துச் சங்கிலியின் மேல் நகர்த்தினார். சங்கிலி அசையவே இல்லை. கொக்கி மட்டும் டக்கென்று போய் ஒட்டிக்கொண்டது.

அந்த அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. "ஐயோ, என்னாங்க இது, ஒட்டுது?"

"பயப்படாதீங்கம்மா. கொக்கிக்குள்ள சின்ன ஸ்பிரிங் இருக்குல்ல, அது எஃகு. அதான் ஒட்டுது. எல்லாச் செயின்லயும் அப்படித்தான்லா."

அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த அம்மா பெருமூச்சு விட்டு, அடுத்த நகையைப் பார்க்கப் போய்விட்டார். என் மனைவி என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "நீங்க காந்தத்துலயே வேல பாத்தவராச்சே, இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். சொல்லவேண்டிய இடத்தில், சொல்லவேண்டிய ஆளிடம் சொல்லாத வார்த்தை அது. முப்பது வருடங்களுக்கு மேல் கழித்து ஒரு நகைக்கடையில் வந்து சொன்னேன்.

காந்தத்துக்கு ஒரு வாசனை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? கையில் வைத்திருந்து விட்டால் உள்ளங்கையில் பழைய சாவிக்கொத்தின் வாசம் தங்கிவிடும். எனக்கு அந்த வாசத்தோடு சுடுமணல் வாசமும் சேர்ந்தே வரும். காம்பார் ஊருக்கு வெளியே பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளுக்கு நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை இருந்தது. அமாங் கொட்டகை என்போம். சுரங்கத்து மண்ணைக் கழுவி ஈயத்தை எடுத்த பிறகு மிஞ்சுகிற கனமான கருமணலுக்குத்தான் அமாங் என்று பெயர். பார்த்தால் வெறும் கறுப்பு மணல். உள்ளே நாலைந்து சாதி மணல் கலந்து கிடக்கும். அவற்றைப் பிரிப்பதுதான் கொட்டகையின் வேலை, பிரித்துக் கொடுப்பது காந்தம்.

முதலில் மணலைப் பெரிய இரும்புத் தகட்டில் பரப்பி, அடியில் கித்தா என்கிற ரப்பர் மரத்துக் கட்டைகளை எரித்துக் காயவைப்பார்கள். காய்ந்த மணல் பெல்ட்டின் மேல் மெல்லியதாக நகர்ந்து வரும். மேலே வட்டத் தட்டுகள் சுழலும். சுருள் கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் தட்டு காந்தமாகிவிடும். முதல் தட்டுக்கு மின்சாரம் குறைவு. அதற்கே துள்ளி எழுந்து ஒட்டிக்கொள்வது இரும்பு கலந்த மணல். அடுத்ததில் கொஞ்சம் கூட்டினால் இல்மனைட் எழும். கடைசித் தட்டில் முழு பலம் கொடுத்தால்தான் மோனசைட் என்கிற மஞ்சள் மணல் சோம்பலாக எழுந்து வரும். ஈயமும் சிர்கோனும் எந்தத் தட்டையும் சட்டை செய்யாமல் நேரே போய்ப் பெட்டியில் விழும். எல்லாம் ஒரே மண்ணிலிருந்து வந்ததுதான், ஆனால் காந்தத்துக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லும். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு நான் பசியாறக்கூடப் போகாமல் நின்றேன்.

இன்னொன்றும் அங்கேதான் கற்றேன். அந்தத் தட்டுகள் தேனிரும்பு. சுவிட்சை அணைத்தால் பிடித்த மணலையெல்லாம் பொலபொலவென்று கொட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் நிற்கும். எஃகு அப்படி இல்லை. மெக்கானிக்கின் ஸ்பேனர் ஒருமுறை தட்டுக்குப் பக்கத்தில் போய்வந்தால் போதும், வாரக்கணக்கில் ஆணியையும் மணலையும் இழுத்துக்கொண்டே திரியும்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்பாவும் அம்மாவும் சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் கித்தா மரத்தில் பால் வெட்டியவர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறியபோது லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுக் காம்பார் வந்தோம். நான் ஐந்தாம் படிவம் வரை படித்தவன், அதுவும் அறிவியல் பாடம் எடுத்தவன் என்பதால், கொட்டகை முதலாளியான தவுக்கே என் கையில் மண்வெட்டியைக் கொடுக்காமல் காந்தத்தைக் கொடுத்தார். மரப்பிடி போட்ட லாடக் காந்தம். லாரியில் வரும் மூட்டைகளிலிருந்து மாதிரி எடுத்து, வெள்ளைத் தாளில் பரப்பி, எது எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. தவுக்கே இரண்டே பாடம்தான் சொன்னார். ஒன்று, மூட்டையில் ஒரே இடத்தில் மாதிரி எடுக்காதே; மேல், நடு, அடி மூன்றிலும் எடு. இரண்டு, வேலை முடிந்ததும் காந்தத்தின் வாயில் இரும்புத் துண்டை வைத்து மூடு. திறந்தே கிடந்தால் பலம் போய்விடும். இரண்டாவது பாடத்தை நான் காந்தத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

கொட்டகையில் மணல் காயவைத்தவர்கள் எல்லாம் பெண்கள், பாதிப் பேர் என்னைப்போலவே தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அவர்களில் சரசு அக்கா என்று ஒருவர். முப்பது வயது இருக்கும். வாயைத் திறந்தால் கொட்டகை சிரிக்கும். வேலைக்குச் சேர்ந்ததும் நான் ஆசையாக ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கட்டியிருந்தேன். ஒரே வாரத்தில் அதற்கு என்னவோ ஆகிவிட்டது. நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை, ஓடத் தொடங்கியது. ஒரு மணி நேரத்துக்குள் பத்து நிமிடம் முந்திவிடும். காலையில் வந்து உட்கார்ந்ததுமே அக்கா கேட்பார்:

"தம்பி, உங்க ஊர்ல சாப்பாட்டு நேரம் ஆயிருச்சா?"

தினமும் அதே கேள்வி, தினமும் அதே சிரிப்பு. அவர் பாசமாகத்தான் கேட்டார். பாதி நாள் தன் நாசி லெமாக் பொட்டலத்தில் பாதியை எனக்குக் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் பத்தொன்பது வயதில் ஒருவனுக்குக் கையில் காந்தமும் மூக்கின் நுனியில் ரோஷமும் இருந்தால் பாசம் கண்ணுக்குத் தெரியாது. நான் மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

அதே சமயம் எனக்கு ஒரு புகழும் சேர்ந்துகொண்டிருந்தது. பசியாறும் நேரத்தில் பெண்கள் ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து, "காந்தம் வெச்சுப் பாருங்க தம்பி" என்பார்கள். பித்தளை விளக்கா, முலாம் பூசிய இரும்பா? வெள்ளிக் கொலுசா, போலியா? நான் காந்தத்தின் வாயைத் திறந்து, நீதிபதி மாதிரி இரண்டு கணம் காத்திருந்து தீர்ப்புச் சொல்வேன். என் பெயரே காந்தம் தம்பி ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே விதி: தங்கம், வெள்ளி, பித்தளை ஒட்டாது, ஒட்டினால் அது இரும்பு.

சரசு அக்காவின் புருஷன் கணேசன் அண்ணன் ஜொகூரில் கட்டட வேலையில் இருந்தார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். அக்கா வீட்டில் அவரை வேண்டாம் என்றார்களாம். கோயிலில் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார் அக்கா. "ஒரு குண்டுமணித் தங்கம் வாங்கிப் போட வக்கில்லாதவன்" என்று தன் அம்மா சொன்ன சொல்லை அக்கா நாலு வருடமாகச் சுமந்தார். அந்த வருடம் தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது அண்ணன் மூன்று நாள் லீவில் வந்து, ஒரு தாலிச் சங்கிலியைப் போட்டுவிட்டுப் போனார். அக்கா அதை வேலைக்கே போட்டுக்கொண்டு வந்தார். கருமணல் தூசியில் எந்தப் பெண்ணும் நகை போட மாட்டாள். அக்கா போட்டார்.

"எங்க அம்மா பாக்கணும்லா. தீபாவளிக்கு அவரும் வருவாரு, ரெண்டு பேருமாப் போயி நிக்கப் போறோம்."

அன்று பசியாறும்போதும் கடிகாரக் கேலி நடந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அக்கா எனக்கு முதுகைக் காட்டி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். கொண்டையைத் தூக்கிப் போட்டிருந்ததால் பின் கழுத்தில் சங்கிலியின் கொக்கி தெரிந்தது. நான் எழுந்து போய், கேட்காமல், பின்னாலிருந்து காந்தத்தை நீட்டினேன். டக்.

"என்னா தம்பி அது?"

"ஒட்டுதேக்கா" என்றேன். "தங்கம் ஒட்டாதே."

யாரோ ஒருத்தி, "அப்ப கவரிங்கா?" என்றாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போதும் என் முகத்தில் உணரமுடிகிறது, கழுவினாலும் போகாது. "காந்தம் பொய் சொல்லாதுக்கா" என்றேன்.

மூட்டையில் மூன்று இடத்தில் மாதிரி எடுக்கத் தெரிந்தவன், அந்தச் சங்கிலியில் ஒரே இடத்தில்தான் வைத்துப் பார்த்தேன். ஒரு விரல் தள்ளி வைத்திருந்தால் போதும். அக்கா எழுந்து மணல் தகட்டுக்குப் போய்விட்டார். அன்று அவர் யாரையும் கேலி செய்யாதது எனக்கு வெற்றியாகத் தெரிந்தது.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவர் வீம்புக்குச் சங்கிலியோடுதான் வந்தார். ஆனால் பின் கழுத்தில், கொக்கி இருந்த இடத்தில், மதியத்துக்குள் கருப்பாக ஒரு பூச்சு படிந்தது. முந்தானையால் துடைப்பார், மறுபடி படியும். "பாரு, கருத்துப்போச்சு, கவரிங்தான்" என்று பெண்கள் கிசுகிசுத்தார்கள். அது பூச்சு அல்ல, மணல். ஒட்டிப் பிடித்திருந்த இரும்பு மணல். தினமும் மணலைப் பார்க்கிறவன் நான், எனக்கு அது மணல் என்று தெரிந்தது. ஏன் அங்கே மட்டும் பிடிக்கிறது என்று ஒரு கேள்வியும் வந்தது. கேள்வியை அப்படியே விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் அக்கா சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை எடுத்துக்கொண்டு காம்பார் கடைத்தெருவில் ஒரு சீனப் பெரியவரிடம் போனேன். அவர் பின்மூடியைத் திறந்து, சின்னத் திசைகாட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்தார். முள் ஆடியது. "காந்தம் ஏறியிருக்கிறது" என்று மலாயில் சொன்னார். உள்ளே முடிபோல ஒரு ஸ்பிரிங்கைக் காட்டினார். எஃகு, காந்தத்தின் பக்கத்தில் போனதால் அதுவும் காந்தமாகிவிட்டது, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அவசரமாக அடிக்கின்றன. கடிகாரத்தைக் காந்தத்தை இறக்கும் ஒரு சுருள் கம்பிக்குள் வைத்து, மெதுவாக, மிக மெதுவாக வெளியே இழுத்தார். திசைகாட்டி அசையவில்லை. சரியாகிவிட்டது.

எனக்குத்தான் சரியில்லாமல் போனது. அவர் மேசையில் பழுதுக்கு வந்த பெண்கள் கடிகாரம் ஒன்று தங்கச் சங்கிலியோடு கிடந்தது. கொக்கியை நகத்தால் இழுத்தேன், விட்டேன், தானே மூடிக்கொண்டது. தங்கம் தானாக மூடாது. உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. என் காந்தம் பிடித்தது அதை. அதோடு நிற்காமல் அதையும் காந்தமாக்கிவிட்டு வந்திருக்கிறது. அதனால்தான் மணல் பிடித்தது. எல்லாம் கணக்காகப் பொருந்தியது. கடைக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டு, நாளைக்குப் போனதும் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. ஐந்து வாரத்தில் எத்தனை பசியாறும் நேரம் வரும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் போனேன். ஒரு நாள் கூட்டமாக இருந்தது. ஒரு நாள் தவுக்கே கூப்பிட்டார். ஒரு நாள் அக்காவே எழுந்து போய்விட்டார். உண்மை என்னவென்றால், "காந்தம் தம்பிக்கு ஒண்ணும் தெரியாது" என்று அந்தப் பெண்கள் சிரிப்பதை என் காது தாங்காது. அவ்வளவுதான் விஷயம். ஒரு பெண் தன் புருஷனை நம்பாமல் போவதைவிட எனக்கு அது பெரிதாக இருந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் கணேசன் அண்ணன் பஸ்ஸில் வந்து இறங்கினார். அன்று மாலை, அடுத்த வரிசையில் இருந்த அவர்கள் வீட்டுச் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. "காந்தமே ஒட்டுது, இன்னும் என்னா சத்தியம் பண்றீங்க?" என்று அக்காவின் குரல்.

மறுநாள் காலையில், எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். அண்ணன் வந்தார். அம்மா முறுக்குத் தட்டை நீட்டி உள்ளே கூப்பிட்டார். அவர் உட்காரவில்லை.

"நீதான காந்தம் தம்பி?"

"ஆமாண்ணே."

"நல்லாப் பாத்தியா தம்பி?"

"ஒட்டுச்சுண்ணே" என்றேன். அது உண்மை, பாருங்கள். ஒட்டியது உண்மைதான்.

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். கோபமாக இல்லை, அதுதான் என்னைக் கொல்கிறது. படித்த பையன், ஏதாவது வழி சொல்வான் என்கிற மாதிரி பார்த்தார். "ஏழு மாசம் ஓ.டி. செஞ்சு எடுத்தேன். அப்ப கடைக்காரன் என்னெ ஏமாத்திட்டானா? வேற ஏதும் இருக்குமா தம்பி?"

"தெரியலண்ணே."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மதியப் பேருந்தில் ஜொகூருக்குத் திரும்பிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். சாப்பிடவில்லையாம். அக்காவும் அவரும் அக்காவின் அம்மா வீட்டு வாசலில் போய் நிற்கவே இல்லை.

இரண்டு மாதத்தில் எனக்கு ஈப்போவில் வேலை கிடைத்தது. ஓடிவிட்டேன் என்று சொல்வதுதான் சரி. போகும்போது அந்த லாடக் காந்தத்தைத் தவுக்கேயிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன், எதற்கென்று இன்றுவரை தெரியாது.

பத்து வருடம் கழித்து ஒரு நாள் தெலுக் இந்தான் சந்தையில் யாரோ "காந்தம் தம்பி!" என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை மறந்தே போயிருந்தேன். காய்கறிக்கடைக்குப் பின்னால் சரசு அக்கா. இளைத்திருந்தார், தலை பாதி நரைத்திருந்தது. கழுத்தில் ஒன்றும் இல்லை. தங்கை வீட்டோடு வந்துவிட்டதாகச் சொன்னார்.

"அந்தச் செயினு நல்ல தங்கமாம் தம்பி. தங்கச்சி கல்யாணத்துக்கு அழிச்சுச் செய்யலாம்னு ஆசாரிகிட்ட கொடுத்தேன். கொக்கிக்குள்ள இத்துனூண்டு ஸ்பிரிங்காம். அதப் போயி..." சிரித்தார்.

"அண்ணன்?"

"கடுதாசி போட்டேன். பதில் வரல. அங்கயே ஒரு குடும்பம்னு சொன்னாங்க, நல்லாயிருக்கட்டும்." பேசிக்கொண்டே அவர் கை பின் கழுத்துக்குப் போனது. முந்தானையால் துடைத்தது. அங்கே சங்கிலியும் இல்லை, மணலும் இல்லை. "உங்கள நான் ஒண்ணும் நெனைக்கல தம்பி. நீங்களும் சின்ன வயசு. தெரியாமதான சொன்னீங்க?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஐந்து வார விஷயம் முழுவதும் நாக்கில் வந்து நின்றது.

"ஆமாக்கா" என்றேன்.

அவர் ஒரு கட்டுப் புளிச்சக்கீரையைப் பையில் போட்டுக் கொடுத்தார். வீட்டில் கீரை மசியல் வைத்தார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

நகைக்கடைக்குப் போய்வந்த மறுவாரம், மனைவியிடம் வேறு காரணம் சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். காம்பாரில் கொட்டகை இருந்த இடத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் தங்கும் அடுக்குமாடி நிற்கிறது. கார் நிறுத்துமிடத்தில் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தேன், சாதாரணச் செம்மண். கடிகாரக் கடையில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். என் கடிகாரம் எப்போதோ தொலைந்துவிட்டது. காந்தம் மட்டும் வீட்டில் ஒரு டப்பாவில் இருக்கிறது. வாயை மூடும் இரும்புத் துண்டு காணாமல் போய், பலமெல்லாம் வடிந்து, ஊசியைத் தூக்கவே யோசிக்கிறது.

அங்கிருந்து தெலுக் இந்தான் போனேன். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்றுதான் போனேன், நம்புங்கள். வீட்டைத் தேடிப் பிடித்தபோது தங்கைதான் இருந்தார். அக்கா இறந்துபோய் இரண்டு வருடம் ஆகிவிட்டதாம். நான் யார் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"நீங்கதானா அது! அக்கா சொல்லும். காந்தம் தம்பி பாவம், அறியாத வயசு, மனசுல வெச்சு வருத்தப்பட்டிருக்கும்னு."

கோப்பி கொண்டுவந்து வைக்கக் குனிந்தபோது அவர் கழுத்துச் சங்கிலி முன்னால் சரிந்தது. அக்காவுடைய தங்கம். கொக்கி புதிது. நான் கோப்பியைக் கையில் எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன்.

"ஒண்ணு கேக்கட்டா அண்ணே? அக்கா கடைசி வரைக்கும் பின் கழுத்தத் தொடச்சிக்கிட்டே இருக்கும். ஆஸ்பத்திரில படுத்துக் கெடந்தப்பக்கூட. அழுக்கு ஒண்ணுமே இருக்காது. ஏன்னு எங்களுக்குப் புரியவே இல்ல. அங்க ஒண்ணா வேல பாத்தீங்களே, உங்களுக்கு ஏதும் தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றேன்.